கால் படாத இடத்தில் விட்ட செடி

எங்கள் ஏரியில் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து விட்டது நான்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. நடுவில், அதைச் செய்தது வேறொருவர் என்று ஊர் நோட்டில் என் கையாலேயே எழுதினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் விஷயம் இவ்வளவு தூரம் வந்தது.

செஞ்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் எங்கள் ஊர். நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு எழுதும் வேலை பார்க்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, எந்த மனுவாக இருந்தாலும் ஆளின் முகத்தைப் பார்த்ததும் முதல் வரி எனக்கு வந்துவிடும். ஊரிலும் எழுத்து வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகம், ஏரிப் பாசனக்காரர்கள் கூட்டம் போட்டு எழுதிவைக்கிற ஊர் நோட்டு, இரண்டும் என் வீட்டு பீரோவில்தான் இருக்கும். கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கினவள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

படகு விடும் யோசனை எங்கள் குழுத் தலைவியுடையது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் மலை ஏறி இறங்கி, ஒரு மோரைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். அவர்களை ஒரு மணி நேரம் நம் ஏரிப் பக்கம் திருப்பினால் என்ன என்றார். அனுமதிக்கு நான்தான் மனு எழுதினேன். அலைந்து திரிந்து அனுமதியும் வாங்கிவிட்டோம். புதுப் படகு வாங்க எங்களால் முடியாது. வேறொரு மாவட்டத்தில் ஓர் ஏரியில் படகு விடுவதை நிறுத்திவிட்டார்கள், நான்கு பெடல் படகுகள் சும்மா கிடக்கின்றன என்று தலைவியின் உறவுக்காரர் சொன்னார். மினி லாரி பேசிக்கொண்டு நாங்கள் மூன்று பேர் போனோம்.

அந்த ஏரியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கரையிலிருந்து எதிர்க்கரை வரை பச்சை. தண்ணீர் என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சைக்கு மேலே ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. "எவ்ளோ அழகா இருக்குது பாரேன்" என்று சொன்னவள் நான். படகு விடுவதை ஏன் நிறுத்தினீர்கள் என்று மூன்று பேரில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. கண் முன்னால் காரணம் ஏரி முழுக்க விரிந்து கிடக்கிறது, நாங்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம்.

படகுகளைச் செடிக்குள்ளிருந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். இரண்டு சாதாரணப் படகு, இரண்டு அன்னப்பறவைக் கழுத்து வைத்தது. இருக்கைக்கு அடியில் தண்ணீர் சளசளவென்று கிடந்தது. அதைக் கவிழ்த்து ஊற்ற யாருக்கும் தோன்றவில்லை. வெயிலில் பெயின்ட் இன்னும் வெளுத்துவிடும் என்று ஈரத்தோடு ஈரமாகத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னதும் நான்தான். யோசித்துப் பார்த்தால் அந்தச் செடிக்கு நான் செய்யாத உபசாரம் கிடையாது.

மறுநாள் காலை எங்கள் ஏரிக்கரையில் லாரி நின்றது. கார்த்திகை மாதம், ஏரி நிரம்பி, மிகுதித் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்துகொண்டிருந்தது. தார்ப்பாயை எடுத்ததும் குழுப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். ஓர் அன்னப் படகின் அடியில், பெடல் மிதித்தால் சுற்றுகிற துடுப்புச் சக்கரத்தில், ஒரு செடி சிக்கியிருந்தது. வேரும் இலையுமாக முழுச் செடி. அதில் ஒரு பூங்கொத்து வாடாமல் இருந்தது.

"பூவோட வந்திருக்குது பாருங்கடி" என்றார் தலைவி. "நல்ல சகுனம்."

கரையம்மன் கோயில் எதிரில் பூஜை போட்டோம். படகுகளுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். அந்தச் செடியை நான் பக்குவமாகச் சக்கரத்திலிருந்து பிரித்தெடுத்து, தாம்பாளத்தில் வைத்து, குங்குமம் இட்டு, அம்மன் காலடியில் வைத்தேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முடிந்தது. சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் கொட்டமாட்டோம். நாலு பேர் மிதிக்கிற இடத்தில் போடமாட்டோம். கால் படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் கால் படாத இடம் என்றால் கிணறு, இல்லாவிட்டால் ஏரி. மாலைகளையும் வெற்றிலையையும் அந்தச் செடியையும் தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு மதகுப் பக்கம் படியில் இறங்கினேன்.

அங்கே ஏரியின் மீன் குத்தகைக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். மழைக்குப் பிறகு குஞ்சு வாங்கிவந்து விட்டு, கோடையில் தண்ணீர் இறங்கியதும் பிடிக்கிறவர். பிடிக்கிற அன்று ஊரில் எல்லா வீட்டுக்கும் குழம்புக்கு மீன் வந்துவிடும். அவர் என் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"அந்தச் செடிய மட்டும் தண்ணில வுடாத தங்கச்சி. கரையில போட்டுக் காயவுடு."

"சாமிக்கு வெச்சத வெயில்ல போட்டுக் கருக்கச் சொல்றியாண்ணா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மேலே நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் வலையை உதறப் போய்விட்டார். நான் குனிந்து செடியைத் தண்ணீரில் விட்டேன். அது கவிழாமல், பூ நிமிர்ந்தபடி, மெதுவாக நகர்ந்து போனது. கும்பிட்டுவிட்டு மேலே ஏறினேன்.

அந்த வருடம் காணும் பொங்கலுக்கு எங்கள் ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. கோட்டைக்கு வந்த கூட்டம் அப்படியே ஆட்டோ பிடித்து இங்கே வந்தது. லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு மாட்டிவிட்டு என் கை வலித்தது. குழுப் பெண்கள் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்றோம். வெளியூர்க்காரர்கள் எங்களை "மேடம்" என்று கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு. பின்னால் நடந்ததற்காக அந்தச் சந்தோஷம் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

மதகுப் பக்கம் செடி ஒரு பாய் அகலத்துக்குப் பரவியிருந்தது. பூத்ததும் வருகிறவர்கள் அதை போட்டோ எடுத்தார்கள். கூட்டம் அதைக் கேட்கிறது என்று, அதில் ஒரு கைப்பிடி பிடுங்கி வந்து படகுத் துறைப் பக்கமும் விட்டோம். குழந்தைகள் படகிலிருந்து எட்டி இலையைப் பிய்த்து எறிந்தன. சக்கரத் துடுப்பு செடியைத் துண்டு துண்டாக வெட்டியது, வெட்டின துண்டைச் சுமந்துகொண்டு போய் நடு ஏரியில் உதிர்த்தது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வேர் விட்டது. விதைக்கிற வேலையை நான்கு படகும் காலையிலிருந்து பொழுதுசாய வரை செய்துகொண்டிருந்தன, நாங்கள் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த ஆடிக்குள் ஏரியில் பாதி பச்சை. அதற்கடுத்த மழையில் முழு ஏரியும் மூடிக்கொண்டது. படகு நகரவில்லை. பெடலை மிதித்தால் சக்கரத்தில் வேர் சுற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே முனகியது. அத்தோடு போயிருந்தால் படகுத் தொழில் படுத்துவிட்டது என்று கைகழுவியிருப்போம். மதகின் வாய் அடைத்துக்கொண்டது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே கடைமடை வயல்களில் நெல் காய்ந்தது. ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. இயந்திரம் வைத்து ஒருமுறை வாரிக் கரையில் மலையாகக் குவித்தார்கள். மிச்சம் கிடந்த துண்டுகள் இரண்டே மாதத்தில் பழையபடி மூடிவிட்டன.

பிறகு ஒருநாள் விடிகாலையில் மீன்கள் செத்து ஒதுங்கின. பச்சைக்கு நடுவே கிடைத்த இடுக்கிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக வயிறு. கீழே மூச்சு விடக் காற்றில்லாமல் செத்திருக்கின்றன. குத்தகைக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கூடையில் அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தேன். நிற்கவில்லை. பஸ் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அந்த வாரமே பாசனக்காரர்கள் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செடி எப்படி வந்தது என்று பேச்சு வந்தது. கொக்கு கொண்டுவந்திருக்கும் என்றார் ஒருவர். வெள்ளத்தில் வந்திருக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர், "மீன்குஞ்சு எங்கிருந்து வருது? வெளியூர்த் தண்ணியோடதான வருது?" என்றார். கூட்டம் அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது. அது நம்பும்படியாக இருந்தது என்பதுதான் கொடுமை. அதோடு, குத்தகைக்காரருக்கு ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது, அந்த வராந்தாவில் அவர் பக்கம் பேச ஓர் ஆள் கிடையாது. பழியை இறக்கிவைக்க வசதியான இடம்.

அவர் எழுந்து நின்றார். "எட்டு வருசமா குஞ்சு வுடறேன். எட்டு வருசமா வராத செடி இப்ப எப்டிங்க வரும்?"

"எட்டு வருசம் வரலன்னா ஒம்பதாவது வருசம் வராதா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை, கோபமில்லாமல். நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். குழுத் தலைவியும் அன்று பூஜையில் சிரித்த பெண்களும் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் குனிந்து நோட்டில் தேதியை எழுத ஆரம்பித்தேன்.

'மீன் குத்தகைதாரர் வெளியூரிலிருந்து கொண்டுவந்த மீன்குஞ்சு நீருடன் மேற்படி செடி ஏரியில் பரவியதாகக் கூட்டம் கருதுகிறது. எனவே அவருக்குக் குத்தகை நீட்டிப்பதில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது.' எழுதி முடித்ததும் உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அவருக்கும் ஒரு நகல் தர வேண்டும் என்றார்கள். இன்னொரு தாளில் அதே வரிகளை அழகாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர் செஞ்சி மார்க்கெட்டில் கடல் மீன் எடுத்து, மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றார். எங்கள் தெருவுக்கும் வருவார். என் வீட்டு முன்னால் மட்டும் ஹாரன் அடிக்காமல் தாண்டிப் போவார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். வாய் எனக்கு நீளம். அதற்கு அவர் வழி வைக்கவில்லை.

போன சித்திரையில் படகுகளை வாங்க ஆள் வந்தது. வேறோர் ஊரின் மகளிர் குழு. மூன்று பேர் வந்திருந்தார்கள், அன்றைக்கு நாங்கள் போனதுபோலவே. காட்டுவதற்காக முதல்நாள்தான் படகுகளைச் செடிக்குள்ளிருந்து இழுத்துக் கரையில் போட்டிருந்தோம். லாரியையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பெண் அன்னத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "கண்ணு மட்டும் புதுசா வரைஞ்சா போதும்க்கா" என்றாள். முகமெல்லாம் அவ்வளவு மலர்ச்சி. அவர்கள் ஏரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றாள். போட்டோ காட்டினாள்.

நான் குனிந்து துடுப்புச் சக்கரத்தைப் பார்த்தேன். பழுப்பாகக் காய்ந்த வேர்க் கற்றை ஒன்று சுற்றியிருந்தது. நகத்தால் கிள்ளினேன். உள்ளே பச்சை.

அந்தப் பெண் ஏரியைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "இது எப்டிக்கா இங்க வந்துது?"

தலைவி சட்டென்று சொன்னார்: "மீன் குத்தகக்காரரு குஞ்சோட கொண்டாந்துட்டாரு. அவரால எங்க ஏரியே போச்சு."

அப்படிச் சொல்லும்போது தலைவி பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது. ஊர் நோட்டில் இருக்கிறதே. நான் எழுதினதை இந்தப் பெண்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறார்கள், லாரியில் இந்த வேரையும் கொண்டுபோகப் போகிறார்கள்.

"இல்ல" என்றேன். "அவரு கொண்டாரல. இந்தப் படகுலதான் வந்துது. நான்தான் தண்ணில வுட்டேன்."

"இன்னா பேசற நீ" என்று தலைவி என் முழங்கையைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை. தார்ப்பாய், தாம்பாளம், குங்குமம், குத்தகைக்காரர் வேண்டாம் என்று சொன்னது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும் அந்தப் பெண்களிடம் சொன்னேன். கிள்ளின வேரை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி வெறுமனே திரும்பிப் போனது. தலைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

படகுகளைக் கவிழ்த்துப் போட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து சக்கரத்தின் இடுக்கு வரை கம்பியால் சுரண்டினேன். சுரண்டினதையெல்லாம் கரையிலேயே காயவைத்துக் கொளுத்தினேன். இரண்டாம் நாள் குழுப் பெண்கள் இரண்டு பேர் கேட்காமலே வந்து கூட உட்கார்ந்தார்கள். சித்திரை வைகாசி வெயில் முழுக்கப் படகுகள் குப்புறக் கிடந்தன. கத்திரி முடிந்தபின் அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி வந்து எடுத்துப் போனார்கள். பூஜை போடுங்கள், ஆனால் முடிந்ததும் ஒரு இலைகூடத் தண்ணீரில் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆடியில் கூட்டம் நடந்தபோது பழைய தீர்மானத்தை எடுத்து வாசித்தேன். அதற்குக் கீழேயே எழுதினேன்: 'மேற்கண்டது தவறு. செடி, மகளிர் குழு வாங்கிவந்த பழைய படகில் வந்தது. குத்தகைதாரர் தடுத்தும் கேளாமல் அதை ஏரியில் விட்டவர் இந்த நோட்டை எழுதுபவர்.' பிறகு கடைமடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "என் நெல்லு காஞ்சப்ப நீ எங்கிட்ட துக்கம் விசாரிச்சியேம்மா" என்றார். குத்தகையைப் பழைய குத்தகைக்காரருக்கே திருப்பித் தரலாம் என்று முடிவானது. மீன் வளர வழியில்லாத ஏரியின் குத்தகை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயடியில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் படிக்கும் அவருடைய மகள் லீவுக்கு வந்திருந்தாள், கதவோரம் நின்றாள். நான் தாளை நீட்டினேன். அவர் ஈரக் கையைக் காட்டினார்.

"எனக்கு எதுக்குத் தங்கச்சி? எனக்குத்தான் தெரியுமே, எது நெசம்னு" என்றார். பிறகு மகள் பக்கம் தலையை அசைத்தார். "அதுகிட்ட சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது ஊர்க் கூட்டத்தில் வாசித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முடித்ததும் அவள் உள்ளே போய் ஒரு பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். மடிப்பில் நைந்திருந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது, அச்சடித்ததுபோல.

"நைனா அன்னைக்கே எங்கிட்ட சொன்னாரு, நான் செய்லம்மான்னு" என்றாள். "நான் நம்பல. இவ்ளோ தெளிவா எழுதியிருக்குதே, பொய்யா இருக்குமான்னு அவரையே கேட்டேன். ஒங்க எழுத்துன்னு தெரிஞ்சதும் இன்னும் நம்பிட்டேன் அத்த."

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவின பெட்டியை மறுபடி கழுவினார். நான் அந்தப் பழைய தாளைக் கேட்டேன். அவள் தரவில்லை. புதுத் தாளை என் கையிலிருந்து வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்தாள். 'குத்தகைதாரர் தடுத்தும் கேளாமல்' என்ற இடத்தில் நிறுத்தினாள். மறுபடி அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனாள். அவர் குழாயை மூடிவிட்டு, அவள் வாசிப்பதைக் கேட்டார்.